ஒளியிழை நுனியில் ஒளியைக் குவித்த வரலாறு

ஒளியிழையின் நுனியிலேயே நுண்வில்லையை அச்சிட்டு, வெளிவரும் ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கும் முறை இருபத்தோராம் நூற்றாண்டில் வளர்ந்தது. அதன் தேவையோ பழையது.

1930-இல் மியூனிக்கில் மருத்துவ மாணவராக இருந்த ஹைன்ரிக் லாம், கண்ணாடி இழைகளைக் கற்றையாகக் கட்டி, மின்விளக்கு இழையின் உருவத்தை மறுமுனையில் காட்டினார். உடலின் உட்புறத்தைப் பார்ப்பதே அவர் நோக்கம். உருவம் மங்கலாகவே தெரிந்தது. வேறொருவர் முன்பே பெற்றிருந்த பிரித்தானியக் காப்புரிமையால் இவருக்குக் காப்புரிமையும் கிடைக்கவில்லை. யூதரான அவர் நாசி ஆட்சியில் நாட்டைவிட்டு அமெரிக்கா சென்றார். நான் கற்பித்த பாடநூல்கள் எதிலும் இவர் பெயர் இருந்ததில்லை.

1954-இல் ஹாப்கின்ஸ், நரீந்தர் சிங் கபானி ஆகியோரும், தனியே வான் ஹீலும் இழைக்கற்றை வழியே உருவம் கடத்துவதை வெளியிட்டனர். 1970-இல் கார்னிங் நிறுவனம் ஒளியிழப்பு குறைந்த இழையைத் தந்தது. ஒளியைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லும் சிக்கல் ஏறத்தாழத் தீர்ந்தது.

நுனியில் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. தொலைத்தொடர்பில் பயன்படும் ஒற்றைமுறை இழையின் உள்ளகம் சுமார் 9 மைக்ரான் அகலமே உடையது. அவ்வளவு குறுகிய வழியில் வரும் ஒளி, வெளியேறியதும் விளிம்பு விளைவால் விரிந்துவிடும். நுனியை உருக்கி உருண்டையாக்கினர். சிறு வில்லையை ஒட்டியும் பார்த்தனர். ஒட்டும்போது சில மைக்ரான் விலகினாலே குவியம் கெடும்.

தீர்வுக்கான விதை 1931-இலேயே இருந்தது. ஓர் அணு இரு ஒளித்துகள்களை ஒரே நேரத்தில் உட்கவரலாம் என்று மரியா கோப்பெர்ட்-மேயர் கணித்திருந்தார். லேசர் வந்தபின், 1961-இல், இது மெய்ப்பிக்கப்பட்டது. இத்தகைய உட்கவர்தல் ஒளிச்செறிவின் இருமடிக்கு ஏற்ப நிகழும். எனவே திரவப் பிசினுக்குள் லேசரைக் குவித்தால், குவியப்புள்ளியில் மட்டுமே பிசின் இறுகும். புள்ளியை நகர்த்தி நகர்த்தி விரும்பிய வடிவத்தை எழுதலாம். 2001-இல் ஜப்பானின் ஒசாகாவில் கவாட்டா குழுவினர் 10 மைக்ரான் நீளமுள்ள காளை உருவத்தை இப்படி உருவாக்கினர். விளையாட்டுப் பொருள்போலத் தோன்றினாலும், எந்த வளைபரப்பையும் அச்சிட முடியும் என்பதற்கு அதுவே சான்று.

2016-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தார், பல வில்லைகள் அடுக்கிய நுண்தொகுதியை 125 மைக்ரான் தடிமனான இழையின் நுனியிலேயே அச்சிட்டனர். 2021-இல் யேனா நகரில் பணியாற்றிய ஆய்வாளர்கள் உட்பட்ட குழு, இழை நுனியில் அச்சிட்ட தட்டையான நானோ அமைப்பால் ஒளியை மிக இறுக்கமாகக் குவித்து, நீரில் ஈ. கோலை பாக்டீரியாவைப் பிடித்து நிறுத்தியது. முன்பு இதற்கு நுண்ணோக்கியின் பெரிய பொருளருகு வில்லை தேவைப்பட்டது.

அச்சிட்ட வில்லையின் வடிவத்தைப் பின்னர் மாற்ற இயலாது. ஆகவே, இழைக்குள் அனுப்பும் ஒளியை மாற்றிக் குவியத்தை நகர்த்தும் ஆய்வுகள் இப்போது நடைபெறுகின்றன.