மணலுள் மறைந்த காசு

கொழும்பு மாநகரின் தென்புறத்தே கடலோரமாக அமைந்துள்ள வெள்ளவத்தையின் பெயர், மணற்றோட்டம் எனப் பொருள்படும் சிங்களச் சொற்களிலிருந்து பிறந்தது என்பர். தோட்டம் மறைந்து மாடிவீடுகள் எழுந்துவிட்டன. ஆயினும் இருப்புப்பாதைக்கு அப்பால் மணல் இருக்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் பொங்கிவந்து அம்மணலை வாரிச் செல்வதும், காற்று அடங்கிய பின் மீண்டும் கொணர்ந்து குவிப்பதும் ஆண்டுதோறும் நிகழ்வனவாம்.

இவ்வாறு வாரும்போது கடல் எல்லாவற்றையும் ஒருசேரக் கொண்டுபோவதில்லை. சாதாரண மணல் நீரைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்று மிகுந்த பாரமுடையது. தூய பொன்னோ பத்தொன்பது மடங்கு பாரமுடையது. ஆகவே குளிக்கச் சென்றவர் விரலிலிருந்து நழுவிய மோதிரமும், சிறுவர் சட்டைப்பையிலிருந்து விழுந்த சில்லறையும் அலையோடு அதிக தூரம் செல்லாமல், பரற்கற்கள் தங்கும் பள்ளங்களில் தாமும் தங்கிவிடுகின்றன. நகைப்பட்டறைகள் நிறைந்த தெருக்களில் சாக்கடை மண்ணைத் தட்டிலிட்டு அரித்துப் பொற்றுகள் எடுப்போரை நேயர்கள் அறிவர். கொட்டாஞ்சேனைக்கு அயலிலுள்ள செட்டியார் தெரு போன்ற இடங்களில் மனிதன் தட்டினால் செய்யும் அதே தொழிலைக் கடல் தன் அலையினால் செய்கின்றது எனலாம்.

கடல் பிரித்து வைத்ததைக் கண்டுபிடிக்கக் கண்ணும் காலும் போதா என்று எண்ணியோர் கையில் இன்று ஒரு கருவி உண்டு. நீண்ட கோலின் நுனியில் வளையமாகச் சுற்றிய கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் பாய, அதனைச் சூழக் காந்தப்புலம் உண்டாகின்றது. மணலுக்குள் உலோகம் இருப்பின் அதனுள்ளும் சிறு மின்னோட்டம் தோன்றி அப்புலத்தைக் கலைக்கின்றது. அக்கலக்கமே செவியில் ஒலியாகக் கேட்கின்றது. கடற்கரையில் ஓர் இடர்ப்பாடு: உப்புநீர் ஊறிய மணலும் மின்னைக் கடத்துவதால், ஒன்றுமில்லாத இடத்திலும் கருவி ஓலமிடும்.

இக்கருவி புதையலாசையினால் பிறந்ததன்று. 1881ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலுள் புதைந்த குண்டைத் தேடும் பொருட்டுத் தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றைக் கொண்டுவந்தார். குண்டு அகப்படவில்லை, படுக்கையின் இரும்புச் சுருள்கள் கருவியைக் குழப்பின என்பர். இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டவரான கொசாக்கி என்பார் கண்ணிவெடி தேடுவதற்கென அமைத்த கருவி 1942இல் எல் அலமெயின் போர்க்களத்தில் பயன்பட்டது. போர் முடிந்தபின் எஞ்சிய கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. காசு தேடும் பொழுதுபோக்கு மேல்நாடுகளிற் பரவியது. நம் நாட்டிலோ வன்னியிலும் முகமாலையிலும் கண்ணிவெடி அகற்றுவோர் அதே இனக் கருவியைப் பிடித்து, ஒவ்வோர் ஒலிக்கும் மண்டியிட்டு, மண்ணைச் சிறிது சிறிதாக அகற்றிப் பார்த்தனர். ஒலி எழுப்பியது பழைய ஆணியாயினும் அதனை வெடியென்றே கருதிப் பொறுமை காத்தனர். காசு தேடுவோரிடம் அப்பொறுமையைக் காண்பது அரிது.

கடற்கரையிற் கிடைக்கும் அனைத்தும் நேற்று விழுந்தவையல்ல. உரோமர் காலத்துச் செப்புக் காசுகள் இத்தீவின் பல இடங்களிற் கிடைத்தமையை கொட்றிங்டன் 1924இல் வெளிவந்த தமது நாணய நூலில் எடுத்துரைத்துள்ளார். 1815 மார்ச்சு 2ஆம் நாளுக்கு முற்பட்ட பொருளைத் தொல்பொருள் எனக் கொள்ளும் 1940ஆம் ஆண்டுச் சட்டம், மண்ணுள் மறைந்துள்ள அத்தகையவற்றை அரசின் உடைமையாக்குகின்றது. சென்ற வாரம் தொலைந்த மோதிரத்துக்கு உடையவர் இருக்கின்றார். ஐந்நூறு ஆண்டுக்கு முன் தொலைந்த காசுக்கு நாடே உடையவர் என்பது அதன் கருத்து. ஆயினும் இரவில் கருவியோடு சென்று பழைய விகாரைகளையும் கோயில்களையும் தோண்டிப் பிடிபடுவோர் பற்றிய செய்திகள் ஓய்ந்தபாடில்லை.

காசை எடுத்தவன் அதன் விலையைப் பெறுகின்றான்; அது கிடந்த இடத்தைப் பற்றிய அறிவோ அழிந்துபோகின்றது. இவ்விழப்பின் அளவைச் சேதுக் காசு காட்டும். ஒருபுறம் நிற்கும் உருவமும், மறுபுறம் படுத்திருக்கும் நந்தியும் அதன்கீழ் 'சேது' என்னும் தமிழெழுத்தும் பொறித்த அக்காசுகளை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவை என்று கருதியோர் உண்டு. ஞானப்பிரகாச சுவாமிகளும் இராசநாயக முதலியாரும் அவற்றை யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளுக்கு உரியனவாக நிலைநாட்டினர். அவை யாழ்ப்பாணப் பகுதியில் மிகுதியாகக் கிடைத்தமை அம்முடிவுக்கு வலுவூட்டியது. கிடைத்த ஊர் தெரியாமல் அக்காசுகள் யாவும் வாணிகர் பெட்டிக்குச் சென்றிருப்பின், ஓர் அரசின் நாணயம் அவ்வரசின் பெயரை இழந்திருக்கும்.

இதற்கு மாறான ஒரு நற்செய்தியும் உண்டு. 1956இல் இலங்கையில் குடியேறிக் கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் தோழர் மைக் வில்சன், 1961 மார்ச்சில் இரு அமெரிக்கச் சிறுவரோடு தென்கிழக்குக் கடலுக்குச் சென்றார். கிரிந்தைக்கு அப்பால் இராவணன் கோட்டை என்று மக்கள் வழங்கும் பாறைத்தொடர் அங்கே உள்ளது. கிரேட் பாசஸ் வெளிச்சவீடு அதன்மீதே நிற்கின்றது. அப்பாறைகளிடையே மூழ்கிய கப்பலொன்றின் சிறு வெண்கலப் பீரங்கிகளையும், இறுகிய கட்டிகளாகக் கிடந்த வெள்ளிக் காசுகளையும் அவர்கள் கண்டனர்.

பை உக்கிப்போயிற்று, பையின் வடிவம் மட்டும் காசுகளில் அப்படியே நின்றது. ஒரு பைக்கு ஏறத்தாழ ஆயிரம் காசு. யாவும் ஔரங்கசீப் காலத்துச் சூரத்து நாணயசாலையில் ஹிஜ்ரி 1113ஆம் ஆண்டில், அதாவது 1702ஐ ஒட்டி, அச்சிடப்பட்ட ரூபாய்கள். 1963இல் அகழ்வாய்வாளர் துரொக்மோர்ட்டனையும் அழைத்துக்கொண்டு அவர்கள் மீண்டும் சென்றனர். கிளார்க் இவ்வரலாற்றை அடுத்த ஆண்டே நூலாக வெளியிட்டார்.

ஔரங்கசீப்பின் ரூபாய் அரிய பொருளன்று; இந்திய நாட்டுக் காசுக்கடைகளில் ஒற்றைக் காசாக எளிதிற் கிடைப்பது. பாறையிடையே கிடைத்தவற்றையும் உடைத்துத் துலக்கித் தனித்தனியே விற்றிருந்தால் அவையும் அத்தகையனவே. கட்டி கட்டியாகப் பாதுகாத்தமையால்தான், ஒரே சாலையில் ஒரே ஆண்டில் அச்சிட்டு, கைமாறிப் புழங்காத பணம் பைபையாகக் கட்டிக் கப்பலேறியது என்பது புலனாகின்றது. எண்ணிக் கட்டிய ஒரு வாணிகனின் கையை அங்கே காண்கின்றோம். அவன் யார், எத்துறைமுகத்தில் அப்பைகளுக்காகக் காத்திருந்தவர் யார் என்பன இன்னும் துணியப்படவில்லை. கப்பலின் பெயரும் அவ்வாறே.