சீமைச் சுண்ணாம்புத் தண்ணீர்

பிரைட்டனுக்குக் குடிவந்த முதல் வாரம். கட்டன் டீ போட்டால் மேலே பழுப்பாக ஒரு ஆடை மிதக்கும். பாலே ஊற்றாத டீயில் ஏது ஆடை? கோப்பையைச் சாய்த்தால் அது சில்லுச் சில்லாக உடைந்து ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். கெட்டிலைத் திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளையடித்த மாதிரி இருந்தது. அம்மாவிடம் போனில் சொன்னேன். "உப்புத்தண்ணிதாண்டா, பருப்பு வேகுதா பாரு" என்றாள். வேகவில்லை. அன்றைக்கு ஆரம்பித்த தேடல்தான் இந்தப் பதிவு.

ஆனால் இது நம்ம கடலோர உப்புத்தண்ணி இல்லை. வாயில் வைத்தால் கரிக்காது, தெளிவாக நன்றாகவே இருக்கும். பிரைட்டனுக்குப் பின்னால் இருக்கிற சவுத் டவுன்ஸ் குன்றுகள் முழுக்கச் சீமைச் சுண்ணாம்பு. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதுகிறோமே, அந்தப் பெயர் கொண்ட பாறை. மழைத்தண்ணீர் மண்ணில் இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. நாம் கொதிக்க வைத்தால் அந்த வாயு வெளியேறிவிடும், கரைந்த சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகிவிடும். கெட்டிலுக்குள் இருப்பது குன்றின் ஒரு துண்டு என்று சொன்னால் மிகையில்லை. ஒரு லிட்டரில் ஏறக்குறைய 285 மில்லிகிராம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். தினம் நாலு லிட்டர் கொதிக்க வைக்கிற வீட்டில், அதில் பாதி படிந்தால்கூட வருஷத்துக்கு 200 கிராம் கல். அந்தக் காலத்து வீடுகளில் கெட்டிலுக்குள் ஒரு சிப்பி ஓட்டைப் போட்டு வைப்பார்களாம். படிய வேண்டியது அதன்மேல் படியட்டும் என்று.

இந்த ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்த கதை 19ஆம் நூற்றாண்டுக் கதை. ஹோவில் 1866இல் கோல்ட்ஸ்டோன் நீரேற்று நிலையம் வந்தது. கட்டடம் இன்னும் நிற்கிறது, செங்கல் புகைபோக்கியோடு. பாறையில் ஆழக் கிணறு வெட்டி, அடியிலிருந்து பக்கவாட்டில் சுரங்கம் குடைந்து, வெடிப்புகளில் ஓடுகிற தண்ணீரைப் பிடித்தார்கள். பாறையே வடிகட்டித் தருகிற தண்ணீர் என்பதால், தேம்ஸ் சாக்கடையைக் குடித்துக்கொண்டிருந்த லண்டன்காரர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் கொடுத்து வைத்தவர்கள். இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. கடலோரக் கிணற்றில் கோடையில் அதிகம் இறைத்தால் கடல் உள்ளே வரும். அதனால் 1950களின் பிற்பகுதியிலிருந்து, எப்படியும் கடலுக்கு ஓடப்போகிற தண்ணீரைக் குளிர்காலத்தில் கடலோரக் கிணறுகளில் இறைப்பது, உள்ளே இருக்கிற கிணறுகளைக் கோடைக்கு மிச்சம் பிடிப்பது என்று வழக்கம் ஏற்படுத்திக்கொண்டார்கள். நம்ம கிழக்குக் கடற்கரைச் சாலையில் போர் போடுகிறவர்கள் கொஞ்சம் இதைப் பார்க்கலாம்.

சரி, வீட்டுக்குள் வருவோம். உண்மையான அடி விழுந்தது துணி துவைக்கிற தொட்டியில்தான். கடின நீரில் சோப்பு முதலில் நுரைக்காது. தண்ணீரில் இருக்கிற கால்சியத்தோடு சேர்ந்து பிசுபிசுவென்று திரிதிரியாகப் பிரியும். அந்தக் கால்சியம் முழுதும் தீர்ந்த பிறகுதான் நுரை வரும், அழுக்கு போகும். மேலே சொன்ன கணக்கிலேயே 100 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 170 கிராம் சுத்தமான சோப்பு இப்படியே வீண். அதுவும் எந்தக் காலத்தில்? பிரிட்டனில் சோப்புக்கு வரி இருந்த காலத்தில். பவுண்டுக்கு 3 பென்ஸ், 1833இல் பாதியாகக் குறைந்து, 1853இல்தான் ஒழிந்தது. கூலிக்குத் துவைத்த பெண், கரையாமல் போன சோப்புக்கும் சேர்த்து வரி கட்டியிருக்கிறாள்.

அபர்டீனில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமஸ் கிளார்க் 1841இல் ஒரு காப்புரிமை வாங்கினார். சுண்ணாம்பை நீக்கச் சுண்ணாம்பையே போடு என்பதுதான் அதன் சாரம்! கேட்கக் கிறுக்குத்தனம் மாதிரி இருக்கும். ஆனால் நீர்த்த சுண்ணாம்பு அந்தக் கார்பன் டை ஆக்சைடைப் பிடுங்கிக்கொள்வதால், போட்டதும் இருந்ததும் சேர்ந்தே அடியில் படிந்துவிடும். முள்ளை முள்ளால் எடுப்பது. எவ்வளவு சோப்பு போட்டால் நுரை நிற்கிறது என்பதை வைத்துக் கடினத்தை அளக்கவும் அவரே வழி சொன்னார். ஒரு கேலனுக்கு ஒரு கிரெயின் என்றால் ஒரு கிளார்க் பாகை. பிரைட்டன் தண்ணீர் 20 பாகையை ஒட்டி வரும். ஆய்வகக் கருவி எதுவும் வேண்டாம், சலவைக்காரி தினமும் கையால் செய்த சோதனையையே அவர் குப்பிக்குள் கொண்டுவந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

1850இல் பிரிட்டிஷ் பொதுச் சுகாதார வாரியம் லண்டனின் தண்ணீர் பற்றி ஓர் அறிக்கை போட்டது. எட்வின் சாட்விக் அதில் முக்கியப் புள்ளி, மென்நீர்க் கட்சிக்காரர். அலெக்ஸி சோயர் என்ற புகழ்பெற்ற சமையல்காரரைக்கூடச் சாட்சி சொல்ல வைத்தார்கள். கடின நீரில் காய்கறி எப்படிக் கெடுகிறது என்று அவர் சொன்னதைப் படித்தபோது அம்மாவின் பருப்புதான் ஞாபகம் வந்தது. கால்சியம் தோலில் இருக்கிற பெக்டினை இறுக்கிவிடுவதால்தான் பருப்பு வேக மறுக்கிறது.

சாதாரண வீடுகள் அறிக்கைக்கெல்லாம் காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை துவைக்கிற நாள், தண்ணீரில் முதலில் சலவைச் சோடா, அப்புறம்தான் சோப்பு. சோடா கால்சியத்தைக் கீழே தள்ளிவிடும். நம்ம ஊரில் உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்து வெளுத்தவர்களும் இதே சோடா வேலையைத்தான் செய்தார்கள்.

மென்நீர்தான் மேல் என்று எனக்கும் பாதி வழியில் தோன்றிவிட்டது. கிளாஸ்கோவைப் படித்த பிறகு மாறினேன். 1859இல் விக்டோரியா ராணி திறந்து வைக்க, கேட்ரின் ஏரியின் மென்மையான தண்ணீர் அந்த ஊருக்கு வந்தது. வீடுகளில் சோப்புச் செலவு குறைந்தது. ஆனால் வீட்டுக் குழாய்கள் ஈயம். மென்நீர் ஈயத்தைக் கரைக்கும். நூறு வருஷம் கழித்து, 1970களில்தான் ஜனங்களின் ரத்தத்தில் இருந்த ஈயத்தைத் தீவிரமாக அளந்து பார்த்தார்கள். அப்புறம் அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தார்கள்! பிரைட்டன் மாதிரி ஊர்களில் நாம் திட்டுகிற அதே படிவு குழாயின் உள்பக்கம் பூச்சாக நின்று ஈயத்தைப் பெருமளவு தடுக்கும். 1961இல் மோரிஸ், கிராஃபர்டு, ஹெடி என்ற மூவர் கடின நீர் குடிக்கிற ஊர்களில் இதய நோய்ச் சாவு குறைவு என்றும் எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு அவ்வளவு வலுவாகத் தெரியவில்லை, அதனால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஈயக் கதை அப்படியில்லை.

கெட்டிலுக்கு இங்கே வினிகர் ஊற்றி ஊற வைக்கச் சொல்கிறார்கள். அம்மா புளி போடச் சொன்னாள். போட்டேன், ராத்திரி முழுக்க ஊறவிட்டுக் காலையில் தேய்த்ததும் போய்விட்டது. டீயில்தான் இரண்டு நாளைக்கு ரச வாசனை.