விளம்பரப் படத்துக்கு வீட்டை ஆயத்தம் செய்தல்

விற்கவோ வாடகைக்கு விடவோ போகும் வீட்டைப் படம் எடுப்பதற்கு முன், பொருள்களைக் குறைத்து, கறை போக்கி, வெளிச்சம் வரச் செய்யும் வேலை இது. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இதன் தேவை ஆலைகளோடு வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆகியவற்றால் வளர்ந்த ஓசூர் 2019-ல் மாநகராட்சியானது. பாரூரை அடுத்த போச்சம்பள்ளி சிப்காட்டில் 2021-ல் ஓலாவின் மின் ஸ்கூட்டர் ஆலை எழுந்தது. வேலை கிடைத்து வெளியூரிலிருந்து வருபவர் கண்ணில் தெருமுனை டூ-லெட் பலகை படாது. அவர் நோபுரோக்கர், மேஜிக்பிரிக்ஸ் போன்ற தளங்களில் படத்தைப் பார்த்துத்தான் புறப்படுகிறார்.

புதிதாக வாங்கி வைப்பதைவிட எடுத்து ஒதுக்குவதே முக்கியம். திறந்த பரணில் அடுக்கிய அண்டா, குண்டான்கள் கண்ணை மேலே இழுத்து அறையைத் தாழ்வாகக் காட்டும்; இறக்கிவைக்க முடியாவிட்டால் ஒரே நிறத் திரை போட்டு மறைக்கலாம். கொடித்துணி, வாசல் செருப்பு, தண்ணீர் கேன், நாட்காட்டி, பிளாஸ்டிக் நாற்காலி ஆகியவற்றை அகற்ற வேண்டும். குடும்பப் படங்கள், பள்ளி அடையாள அட்டை, பீரோ சாவி ஆகியவற்றை எடுத்துவைப்பது அழகுக்காக மட்டுமல்ல, பாதுகாப்புக்காகவும்தான். வாடகைக்குக் குடியிருப்பவர் இருந்தால் அவர் சம்மதம் பெற்று, அவருக்குத் தோதான நாளில் எடுப்பதே முறை.

ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் குழாய்களில் வெள்ளைப் படிவை விட்டுச்செல்லும். அதைப் போக்க ஆசிட் ஊற்றினால் குரோம் பூச்சும் சேர்ந்து போய்விடும். வினிகரோ எலுமிச்சைச் சாறோ நனைத்த துணியைச் சற்று நேரம் சுற்றிவைத்துத் தேய்த்தால் போதும். கிருஷ்ணகிரி கிரானைட் வெட்டும் மாவட்டம். மெருகிட்ட கிரானைட் தரையும் சமையல் மேடையும் சாதாரணம். அவை ஃபிளாஷ் ஒளியை அப்படியே திருப்பி அடிக்கும் என்பதால் ஃபிளாஷை அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தையே நம்ப வேண்டும். கிழக்கு வாசல் வீட்டின் முகப்பைக் காலையிலும், மேற்கு வாசல் வீட்டின் முகப்பைப் பிற்பகலிலும் எடுப்பது வழக்கம். மஞ்சள் பல்பும் வெள்ளை டியூப்லைட்டும் சேர்ந்து எரிந்தால் சுவரின் நிறம் திரிந்து தெரியும். ஏதேனும் ஒன்று போதும்.

அறை மூலையில் நின்று, கைபேசியைப் படுக்கைவாட்டில் நெஞ்சு உயரத்தில் பிடித்து எடுத்தால் சுவர்கள் நேராக விழும். அகலக்கோண லென்ஸ் பத்துக்குப் பத்து அறையைக் கல்யாண மண்டபமாக்கிவிடும். நேரில் வந்து ஏமாந்தவர் அதற்குப் பிறகு மற்ற அறைகளையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார். அழகுக்காக எடுக்கும் பூச்சாடிப் படத்தைவிட நீர்த்தொட்டி, மேல்நிலைத் தொட்டி, மின்மீட்டர், வண்டி நிறுத்துமிடம், வீட்டுமுன் சாலையின் அகலம் ஆகியவற்றின் படங்களே வாங்குபவருக்குப் பயன்படும். ஏரிப் பாசனமும் தென்னையும் சூழ்ந்த பாரூர் போன்ற ஊரில் தோட்டத்து வீடு என்றால், கிணறும் வண்டி வரும் பாதையும் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

மழைக்காலத்துக்குப் பின் சுவரில் தெரியும் ஈரக்கறைக்கு மேல் பெயிண்ட் அடித்துப் படம் எடுப்பது பரவலான பழக்கம். கசிவு மாடித்தளத்தில் இருந்தால் அடுத்த மழையில் கறை திரும்பும். முதலில் கசிவை அடைப்பதுதான் சரி. பழுதைக் காட்டி விலையைக் குறைத்துச் சொல்வதும் நேர்மையான வழியே.

2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, விளம்பரத்தில் உள்ள பொய்த் தகவலை நம்பி முன்பணம் கட்டி இழப்படைந்தவருக்குக் கட்டுமான நிறுவனம் ஈடு தர வேண்டும். தனிநபர் தம் பழைய வீட்டை மறுவிற்பனை செய்வதற்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அத்தகைய வீட்டை வாங்குபவர், படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், நேரில் பார்த்து வில்லங்கச் சான்றையும் எடுத்துப் பார்த்த பிறகே முன்பணம் தர வேண்டும்.