திருவனந்தபுரத்து மாயப் படங்களும் நிறுத்திப் பிடிக்கும் கலையும்

ஒரு பொருளை இம்மியளவு நகர்த்தி, ஒரே ஒரு சட்டகம் பதிவுசெய்து, மறுபடியும் நகர்த்திப் பதிவுசெய்யும் 'ஸ்டாப் மோஷன்' முறையை இந்தியாவில் முதலில் கையாண்டவராகக் கருதத்தக்கவர் தாதாசாகேப் பால்கே. தொட்டியில் ஊன்றிய பட்டாணி விதை கொடியாக வளர்வதைச் சட்டகம் சட்டகமாகப் படம்பிடித்த அவர், அதைக் காட்டியே 'ராஜா ஹரிச்சந்திரா'வுக்கு (1913) முதல் திரட்டினார். பின்னர் தீக்குச்சிகளையும் திரையில் நடமாடவிட்டார்.

திருவனந்தபுரத்தில் இக்கலையின் நெருங்கிய உறவான தந்திரக் காட்சிக்கு இடமளித்தவை, நேமத்தில் பி. சுப்பிரமணியம் நிறுவிய மெரிலாண்ட் ஸ்டுடியோவிலிருந்து வந்தவை போன்ற புராணப் படங்களே. அத்தகைய படங்களில் கேமராவை நிறுத்தி, நடிகர்கள் சிலையாக நிற்க, கடவுள் வேடதாரியை மட்டும் விலக்கிவிட்டு மீண்டும் ஓடவிட்டால், திரையில் தெய்வம் மறைந்துவிடும். எவராவது தலையைச் சற்றே அசைத்திருந்தாலும் அந்தத் 'துள்ளல்' மாயத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். 1969-இல் வெளிவந்து கேரள அரசின் முதல் சிறந்த படத்துக்கான விருதைப் பெற்ற 'குமாரசம்பவம்' மெரிலாண்டின் இந்தப் புராண மரபில் வந்ததாகும்.

பொம்மையை அசைப்பதோ இதைவிடப் பன்மடங்கு பொறுமையைக் கேட்பது. நொடிக்கு 24 சட்டகங்களில், ஒவ்வொரு நிலையையும் இரு சட்டகங்கள் பிடித்தாலும், ஒரு நிமிடக் காட்சிக்கு 720 முறை பொம்மையின் விரலையோ இமையையோ தொட்டு நகர்த்தியாக வேண்டும். 1999-இல் டெக்னோபார்க்கில் தோன்றிய டூன்ஸ் நிறுவனம் இந்நகரை அசைவூட்டத் தொழிலின் வரைபடத்தில் நிறுத்தியபோது, அந்த உழைப்பு களிமண்ணையும் கம்பியையும் விட்டு ஓவியத்துக்கும் கணினிக்கும் இடம்பெயர்ந்திருந்தது.