முதலாண்டு மருத்துவக் கல்வியின் பாடச்சுமையும் தேர்வுமுறையும்: சென்னையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நந்தனத்திலிருந்து அண்ணாசாலை வழியே தெற்கே சென்று, அடையாற்றின் மீதுள்ள மறைமலையடிகள் பாலத்தைக் கடந்தால் கிண்டியில் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உருவாகி 1988இல் செயல்படத் தொடங்கிய இப்பல்கலைக்கழகமே தமிழக மருத்துவ மாணவர்களின் முதலாண்டுத் தேர்வை நடத்துகிறது. அதற்கு முன்னர் அப்பொறுப்பு சென்னைப் பல்கலைக்கழகம் முதலிய பொதுப் பல்கலைக்கழகங்களிடம் இருந்தது. தேர்வு நடத்தும் அமைப்பு மாறியதைவிட, தேர்வுக்கு ஆயத்தமாகும் காலம் மாறியதே மாணவரை மிகுதியும் பாதித்தது எனலாம்.

காலச் சுருக்கம்

1835 பிப்ரவரி 2இல் சென்னைப் பொது மருத்துவமனையைச் சார்ந்து தொடங்கிய மருத்துவப் பள்ளி, 1850இல் கல்லூரியாயிற்று. தொடக்கம் முதலே பயிற்றுமொழி ஆங்கிலம். இதே நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளிவந்தது. முதலாண்டு மாணவர் இன்றும் அஞ்சும் உடற்கூற்றியலை அந்நூல் தமிழில் தந்தது. சென்னையில் அவ்வழி தொடரப்படவில்லை.

நெடுங்காலம் முதற்கட்டப் படிப்பு பதினெட்டு மாதங்களாக இருந்தது. இந்திய மருத்துவக் கழகத்தின் 1997ஆம் ஆண்டு விதிமுறைகள் அதனைப் பன்னிரண்டு மாதங்களாகக் குறைத்தன. மூன்றிலொரு பங்கு காலம் குறைந்தது. உடலின் எலும்புகளும் நரம்புகளும் குறையவில்லை. உடற்கூற்றியலுக்கு 650, உடலியங்கியலுக்கு 480, உயிர்வேதியியலுக்கு 240 மணிநேரம் என அவ்விதிமுறை வகுத்தது. 2019இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் பாடத்திட்டத்தில் இவை முறையே 675, 495, 250 ஆயின. அதாவது மொத்தம் 1370 மணிநேரம் 1420 ஆகியது. விரிவுரைக்கு 460 மணிநேரமே ஒதுக்கப்பட்டு, எஞ்சியதில் பெரும்பகுதி சிறுகுழுக் கற்பித்தலுக்கும் செய்முறைக்கும் அளிக்கப்பட்டது. உட்கார்ந்து கேட்கும் சுமை குறைந்து, ஒவ்வொரு நாளும் ஆயத்தமாக வரவேண்டிய சுமை கூடியது என்று இதனைக் கொள்வதே பொருத்தம்.

மதிப்பெண்ணிலிருந்து வாயிற்கதவுக்கு

1997ஆம் ஆண்டு முறையில் ஒவ்வொரு பாடத்திற்கும் 200 மதிப்பெண். அதில் அகமதிப்பீடு 40. கல்லூரியில் ஆண்டு முழுதும் பெற்றது பல்கலைக்கழகத் தேர்வின் முடிவில் சேர்ந்தது. இறுதித் தேர்வில் சற்றுத் தடுமாறியவரை அது தாங்கியது. (ஆசிரியரின் தயவைப் பொறுத்தது என்னும் குறையும் அதற்கு உண்டு.) 2019ஆம் ஆண்டு விதிமுறை அகமதிப்பீட்டைத் தேர்ச்சிக் கணக்கிலிருந்து நீக்கியது. எழுத்திலும் செய்முறையிலும் தனித்தனியே 40 விழுக்காடும், இரண்டும் சேர்ந்து 50 விழுக்காடும் பெற்றவரே பல்கலைக்கழகத் தேர்வெழுதத் தகுதியுடையவர். ஆக, கைகொடுத்த மதிப்பெண் வாயிற்கதவாக மாறியது. வருகைப்பதிவு எழுத்துப்பாடத்தில் 75, செய்முறையில் 80 விழுக்காடு தேவை. முதற்கட்டத் தேர்வை நான்கு வாய்ப்புகளுக்குள், சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும்.

மொழியும் சுமையும்

இம்மாற்றம் நடந்த மறு ஆண்டே, 2020இல், அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ளொதுக்கீடு வழங்கும் சட்டத்தைத் தமிழக அரசு இயற்றியது. தமிழ்வழியில் பயின்றோர் பலர் இதனால் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தனர். விதிமுறை அவர்களையும் பிறரையும் ஒரே கால அளவில் நிறுத்துகிறது. ஆங்கிலவழி மாணவருக்கு ஓர் உறுப்பின் பெயர் புதிய சொல். தமிழ்வழி மாணவருக்கோ அதனை விளக்கும் வாக்கியமும் புதியது. முதல் அகமதிப்பீட்டுத் தேர்வு மொழி கைவருவதற்கு முன்பே வந்துவிடுகிறது. பழைய பதினெட்டு மாதங்களில் இத்தகைய மாணவர்க்குச் சில மாதத் தயக்கத்திற்கு இடமிருந்தது.

2019ஆம் ஆண்டுத் திட்டம் இதனை அறவே அறியாததன்று. தொடக்கத்தில் ஒரு மாத அடிப்படைப் பயிற்சியை, 175 மணிநேரமாக அது வைத்தது. அதில் மொழிக்கும் கணினிக்கும் சேர்த்து ஒதுக்கப்பட்டது 40 மணிநேரம்.