தக்கை, கத்தி, சாக்லேட் தாள்: ஒரு பொய் மீனின் கதை

தூண்டில் சாமான் விற்கும் கடைகளில் வரிசையாகத் தொங்குகிற ரப்பாலா பொய் மீன்களைப் பார்த்தால், பெரிய ஆலையில் ஒரு பொறியாளர் குழு உட்கார்ந்து வடிவமைத்த பொருள் என்றுதான் தோன்றும். முதல் மீன் எதைக் கொண்டு செய்யப்பட்டது என்று பாருங்கள். தக்கை. செருப்புத் தைக்கிற கத்தி. உப்புத்தாள். சாக்லேட் சுற்றிவந்த வெள்ளித்தாள். உருக்கிய பழைய போட்டோ நெகட்டிவ். காசு கொடுத்து வாங்கியது என்று இதில் என்ன இருக்கிறது?

செய்தவர் லௌரி ரப்பாலா. 1905இல் பின்லாந்தின் சிஸ்மா பகுதியில் பிறந்தவர். தாயின் குடும்பப் பெயர் நினைவுக்கு வராத பாதிரியார், அவர்கள் வந்த ஊரின் பெயரையே பதிவேட்டில் எழுதிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. பின்னிஷ் மொழியில் 'ரபா' என்றால் சேறு. ஆக, இன்று உலகம் முழுக்க விற்கும் பிராண்டின் பெயருக்குள் சேறு இருக்கிறது! லௌரி குளிர்காலத்தில் காட்டில் மரம் வெட்டுவார், கோடையில் பையன்னே ஏரியில் மீன் பிடிப்பார். 1930களின் பொருளாதார மந்தம், வளர்கிற குடும்பம். மீன் கிடைக்காத நாள் என்பது வருமானம் இல்லாத நாள்.

அவருடைய உண்மையான பிரச்சினை நேரம்தான். நீளமான கயிற்றில் வரிசையாக முள் கட்டி, ஒவ்வொன்றிலும் சின்ன மீனை இரையாகக் குத்த வேண்டும். அந்த இரைமீனையும் முதலில் பிடித்தாக வேண்டும். பெரிய மீனைப் பிடிக்கிற நேரத்தில் பாதி, சின்ன மீனுக்கே போய்விடும். திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய இரை ஒன்று கிடைத்தால்?

படகில் இருந்தபடி அவர் கவனித்தது இதுதான்: வேட்டையாடும் மீன், சின்ன மீன் கூட்டத்துக்குள் பாயும்போது எல்லாவற்றையும் துரத்துவதில்லை. தள்ளாடி, ஒரு பக்கம் சாய்ந்து நீந்தும் ஒன்றைத்தான் குறிவைக்கிறது. அடிபட்ட மீனைப் பிடிக்கச் செலவாகும் சக்தி குறைவு, அவ்வளவுதான் கணக்கு. எனவே அசல் மீனைப் போல இருந்தால் மட்டும் போதாது, அடிபட்ட மீனைப் போல நீந்தவும் வேண்டும்.

1936இல் தக்கையைச் சீவி, தேய்த்து, மீன் வடிவம் கொண்டுவந்தார். செதில் மினுக்கத்துக்கு வெள்ளித்தாள். தண்ணீர் உள்ளே போகாமலிருக்க மேற்பூச்சு வேண்டும், வார்னிஷ் வாங்க வசதியில்லை. அங்கேதான் நெகட்டிவ் வருகிறது. அந்தக் காலப் பிலிம் செல்லுலோஸிலிருந்து செய்யப்பட்டது, உருக்கிப் பூசினால் இறுகிக் கெட்டியான தோலாகிவிடும். பின்னாளில் தக்கையின் இடத்தைப் பால்சா மரம் பிடித்தது.

இது எப்படி வேலை செய்கிறது? லேசான உடல் மிதக்கப் பார்க்கும். இழுக்கும்போது தலைக்கடியில் சாய்வாக இருக்கும் சிறு தகட்டில் தண்ணீர் மோதி, மூக்கைக் கீழே அழுத்தும். தகட்டின் இரு ஓரங்களிலும் சுழல்கள் மாறி மாறிப் பிரியும்போது உடல் இடதும் வலதுமாக ஆடும். உடல் எவ்வளவு லேசோ அவ்வளவு துள்ளல். தக்கையும் பால்சாவும் இதற்குப் பொருந்தியது அதனால்தான்.

ஆனால் மரத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே பலகையில் வெட்டிய இரண்டு துண்டுகள்கூட எடையில் ஒன்றாக இருக்காது. ஒரு மீன் நேராக வரும், இன்னொன்று ஒரு பக்கமாக ஓடும். ஓடும் பக்கத்துக்கு எதிராக மூக்கு வளையத்தை ஒரு மயிரிழை வளைத்தால் சரியாகிவிடும். செய்த ஒவ்வொரு மீனையும் தண்ணீரில் இழுத்துப் பார்க்கும் வழக்கம் வீட்டுப் பட்டறையிலேயே தொடங்கியது, மகன்களும் அதில் கைகொடுத்தார்கள். நம்ம துறையில் சொன்னால், மாதிரிக்கு நாலைந்தை எடுத்துப் பார்க்கிற வேலையில்லை, நூற்றுக்கு நூறு டெஸ்டிங். ஆலை வந்த பிறகும் இந்த வழக்கத்தை அவர்கள் விடவில்லை.

மரத்தில் பொய் இரை செய்த முதல் ஆள் லௌரி இல்லை. அமெரிக்காவின் மிச்சிகனில், டொவாஜியாக் ஊரில் தேனீ வளர்த்துவந்த ஜேம்ஸ் ஹெடன் 1890களிலேயே மரத்தவளை செதுக்கி மீன் பிடித்திருக்கிறார். அந்தத் தொழிலும் வீட்டில் தொடங்கியதுதான். லௌரி கொண்டுவந்த புதுசு, அந்தத் தள்ளாட்டம்.

1959 வாக்கில் மினசோட்டாவைச் சேர்ந்த ரான் வெபர் இந்தப் பொய் மீனைக் கவனித்து, கூட்டாளி ரே ஆஸ்ட்ரமுடன் சேர்ந்து அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்தார். 1962 ஆகஸ்டில் லைஃப் இதழ் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. அதே இதழின் அட்டையில், அந்த மாதம் இறந்துபோன மர்லின் மன்றோ. அந்த இதழ் விற்ற விற்பனையில் இந்தக் கட்டுரையும் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போனது. வீட்டுப் பட்டறையால் ஈடுகொடுக்கவே முடியாத அளவு ஆர்டர் குவிந்தது. லௌரி 1974இல் இறந்தார்.

எனக்கு இதில் உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் இதை வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு மீன்பிடிப்பு பொழுதுபோக்கு. இன்று பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுபவர்களும் ஏராளம். அன்றைய சாப்பாட்டுக்காக ஒருவர் கழிவுப் பொருளில் செய்த கருவி, சாப்பாட்டைப் பற்றிக் கவலையே இல்லாதவர்களின் கைக்குப் போய்த்தான் புகழ் பெற்றது. ஆனால் அடிபட்ட மீன் எப்படி நீந்தும் என்று அத்தனை நுணுக்கமாகப் பார்க்க, அந்த நாளின் வருமானம் அதை நம்பியிருந்த ஒருவரால்தான் முடிந்திருக்கிறது.