முதல் எண்ணுக்கு வந்த சண்டை

கல்லூரிக் காலத்தில் கிள்ளானில் ஒரு வாடகை அறை. யாரோ கழித்துக்கட்டிய மேசைக்கணினி. அதில் டெபியன் லினக்ஸ். பொத்தானை அமுக்கிவிட்டு மைலோ கலக்கப் போவேன். திரும்பி வந்தாலும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடிக்கொண்டே இருக்கும். நெட்வொர்க் கேபிள் செருகாத நாளில் பாதியில் அப்படியே நின்றுவிடும். "எப்பப் பார்த்தாலும் ஆன் பண்ணி ஆஃப் பண்ணிக்கிட்டே இருக்கியே, பாட்டு எப்பதான் போடுவ?" என்பான் அறைத்தோழன்.

ஏன் நிற்கிறது என்று தேடியபோதுதான் 'இனிட்' அறிமுகமானது. லினக்ஸின் கருவான கெர்னல் விழித்ததும் முதலில் ஒரு நிரலை இயக்கும். அதற்கு எண் 1. நாம் புழங்கும் மற்ற நிரல்கள் எல்லாம் அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பெற்ற நிரல் செத்து அநாதையானவற்றையும் அதுவே தத்தெடுத்துக்கொள்ளும். அது செத்தால் கணினியே நின்றுவிடும்.

அன்றைய டெபியனின் இனிட், ஏடி அண்ட் டி நிறுவனம் 1983இல் வெளியிட்ட யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவின் வழியைப் பின்பற்றி, லினக்ஸுக்காக மிக்கேல் வான் ஸ்மூரென்பர்க் எழுதியது. ஓர் அடைவில் வரிசையாகக் கோப்புகள் இருக்கும். பெயர் எஸ் என்று தொடங்கினால் இயக்கு, கே என்று தொடங்கினால் கொல். அடுத்து ஓர் எண். அந்த எண் வரிசைப்படி ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. நெட்வொர்க் வராவிட்டால் பின்னால் உள்ள அத்தனையும் காத்திருக்கும்.

எனக்குப் பிடித்தது வேறு விஷயம். எல்லாமே ஷெல் மொழியில் எழுதிய சாதாரண உரை. திறந்தால் படிக்கலாம். எந்தப் பிழைக்காக எந்த வரி சேர்ந்தது என்று எழுதியவரின் குறிப்பும் சில இடங்களில் இருக்கும். நிரல்களை நான் வாசிக்கக் கற்றது அங்கேதான்.

ஆனால் பழசைக் கொஞ்சிக்கொண்டே இருக்க முடியாது. ஒரு சேவையை இயக்கிவிட்டபின் அது உயிரோடு இருக்கிறதா என்று அந்த இனிட் கவனிக்காது. சேவை தன் எண்ணை ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அது செத்த பிறகும் கோப்பு மட்டும் கிடந்து பொய் சொல்லும்.

மாற்றுகள் வந்தன. ஆப்பிள் 2005இல் தன் மேக் கணினிகளுக்கு லாஞ்ச்டியைக் கொண்டுவந்தது. 2006 அக்டோபரில் உபுண்டு 6.10இல், ஸ்காட் ஜேம்ஸ் ரெம்னன்ட் எழுதிய அப்ஸ்டார்ட் நுழைந்தது. 'இது நடந்தால் அதை இயக்கு' என்று நிகழ்வுகளை வைத்து வேலை செய்வது அது. 2010 ஏப்ரல் 30இல் லெனார்ட் பொயெட்டரிங், முதல் நிரலையே புதிதாக யோசிப்போம் என்று நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். கே ஸீவர்ஸும் அவரும் தொடங்கிய அந்த நிரலின் பெயர் சிஸ்டம்டி.

அதன் முக்கியமான தந்திரம் லாஞ்ச்டியிடம் கற்றது. நம் அடுக்குமாடி வீடுகளில் குடி வருவதற்கு முன்பே கீழ்த்தளத்தில் தபால்பெட்டி மாட்டியிருக்கும் இல்லையா? ஆள் வராவிட்டாலும் கடிதம் போட்டுவிட்டுப் போகலாம். அதுபோல, சேவைகளுக்கான சாக்கெட்டுகளை சிஸ்டம்டியே முதலில் திறந்து வைக்கும். பிறகு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இயக்கும். முந்தி வந்த செய்தி, பெறுபவர் எழும் வரை காத்திருக்கும். எந்த நிரல் எந்தச் சேவையைச் சேர்ந்தது என்பதையும் கெர்னலின் உதவியோடு அது கணக்கில் வைத்திருக்கும். நூறு வரி ஷெல் நிரல் இருந்த இடத்தில் பத்துப் பதினைந்து வரி போதும்: எதை இயக்கணும், எதற்குப் பிறகு இயக்கணும், செத்தால் என்ன செய்யணும்.

2011இல் ஃபெடோரா 15 அதை ஏற்றது. எதிர்ப்பும் கூடவே வளர்ந்தது. ஒரு நிரல் இத்தனை வேலைகளைச் செய்யலாமா என்பது ஒரு கேள்வி. பதிவுகளை அது உரையாக வைக்காமல் தன் சொந்த வடிவில் சேமித்தது இன்னொரு குறை. எந்த எடிட்டரிலும் திறக்க முடிந்ததை இனி அதன் கருவி வழியாகத்தான் படிக்கணும். என் மனக்குறையும் அதுதான்.

டெபியனில் இந்த வழக்கு 2013 அக்டோபரில் தொழில்நுட்பக் குழுவுக்குப் போனது. அப்ஸ்டார்ட்டுக்கு நிரல் எழுதித் தருபவர்கள் கனோனிக்கல் நிறுவனத்தோடு ஓர் உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. அது பலரை உறுத்தியது. குழுவில் எட்டுப் பேர். நான்குக்கு நான்கு என்று பிரிந்தார்கள். 2014 பிப்ரவரி 11 அன்று தலைவர் பிடேல் கார்பியின் தீர்மான வாக்கில் சிஸ்டம்டி வென்றது. மூன்றே நாளில் மார்க் ஷட்டில்வொர்த், உபுண்டுவும் அதற்கே மாறும் என்று அறிவித்தார். அப்ஸ்டார்ட்டை வளர்த்த வீடே அதைக் கைவிட்டது.

அதோடு முடியவில்லை. தோற்ற தரப்பில் இயன் ஜாக்சன் இருந்தார். டெபியனின் டிபிகேஜியை எழுதியவர், அதன் அமைப்புச் சட்டத்தை வரைவதில் பெரும்பங்கு வகித்தவர். தலைவருக்குத் தீர்மான வாக்கு தருவதும் அதே சட்டம்தான். எந்த மென்பொருளும் ஒரே ஒரு இனிட்டைக் கட்டாயமாக்கக் கூடாது என்று அவர் பொதுத் தீர்மானம் கொண்டுவந்தார். நவம்பரில் உறுப்பினர்கள் வாக்களித்தபோது, தீர்மானமே தேவையில்லை என்ற தெரிவு வென்றது. அவர் குழுவிலிருந்து விலகினார். 1996இல் டெபியனில் சேர்ந்த ஜோயி ஹெஸ், திட்டத்தையே விட்டு வெளியேறினார். வென்ற பக்கத்தில், சிஸ்டம்டியைப் பராமரித்த டோலெஃப் ஃபாக் ஹீனும் வசவு தாங்காமல் அந்தப் பொறுப்பை விட்டார். யாரும் சம்பளத்துக்காக அங்கே இருக்க வேண்டிய கட்டாயமில்லை. இந்த மூன்று பெயர்களையும் ஒன்றாகப் படிக்கும்போது, யார் சரி என்ற என் பழைய ஆர்வம் குறைந்துபோகிறது. அதே மாதம் பிரிந்தவர்கள் தேவுவான் என்று தனி வீடு கட்டினார்கள். முதல் நிலையான பதிப்பு வர 2017 மே வரை ஆனது.

கேட்டால் சொல்வேன்: தொழில்நுட்பத்தில் சிஸ்டம்டி வென்றது நியாயம். என் மடிக்கணினியிலும் அதுதான் ஓடுகிறது. எழுத்துகளைப் படிக்க நேரமே இல்லை, அதற்குள் மேசைத்திரை வந்துவிடுகிறது.

இனிட்.டி அடைவு மட்டும் இன்னும் இருக்கிறது. போன வாரம் உள்ளே போய், பழைய வழக்கத்தில் ஒரு ஷெல் நிரலைக் கையால் இயக்கிப் பார்த்தேன். அது தன் வேலையைத் தானே செய்யவில்லை. சிஸ்டம்டியைக் கூப்பிட்டு ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.